காசியில் விட்ட காய்

இதை எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன். பல வருஷங்கள் இப்படியே போயின. எழுதினால் சாமி காரியத்தைக் கேலி செய்ததாகுமோ என்று பயம். எழுதாவிட்டால் மறைத்த பாவமும் சேர்ந்துகொள்ளுமே என்று அதற்கு மேல் பயம். நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவன் நான், பிழையிருந்தால் பொறுக்கவும்.

கலியாணமாகிச் சில வருஷம் கழித்து நானும் என் மனைவியும் காசிக்குப் போனோம். அப்போது எனக்கு நீலசந்திராவில் சின்ன மளிகைக் கடை. அவள் போனது பக்தியால். எனக்கும் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் ரயிலேறி அவ்வளவு தூரம் போகவேண்டும், கங்கையில் படகேற வேண்டும் என்ற ஆசைதான் முந்தி நின்றது. தண்டு ஸ்டேஷனில் வண்டி ஏறியது முதல் அவள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

போய்ச் சேர்ந்ததும் படகு பேசினேன். ஆறு நிறைந்து ஓடியது. அவள் வேண்டாமென்றாள். அக்கரை மணலை மிதித்துவிட்டு வரலாமென்று நான்தான் பிடிவாதமாக ஏற்றினேன். நடு ஆற்றில் காற்றடித்துப் படகு சுற்ற ஆரம்பித்தது. தண்ணீர் உள்ளே வந்தது. அவள் என் வேட்டி நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டு கண்ணை மூடிவிட்டாள். நானோ, கரை சேர்த்துவிடு தாயே, எனக்கு உயிரானதை உனக்கு விட்டுவிடுகிறேன் என்று எல்லாரும் கேட்கக் கத்தினேன். தாயும் கரை சேர்த்தாள்.

படித்துறையில் சடங்கு செய்துவைக்கிற சாஸ்திரி ஒருவர் காத்திருந்தார். காசிக்கு வந்தவர்கள் ஆசைப்பட்ட பண்டம் ஒன்றைக் கங்கையில் விடவேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். அவள் யோசிக்காமல் மாம்பழம் என்றாள். கொட்டை வெளுக்கிற வரைக்கும் சப்புகிறவள் அவள். எனக்கு உயிர் காப்பி. அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. காப்பி இல்லாமல் விடியற்காலையில் கடை திறப்பதை நினைத்துப் பார்த்தேன். பாகற்காய் என்று சொல்லிவிட்டேன். பிறந்தது முதல் நான் வாயில் வைக்காத காய் அது. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் என் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயசிலிருந்தே நான் பாகற்காயைத் தொடாதவன் என்பதையே அவள் மறந்துவிட்டாள். விருந்துக்குப் போகிற இடமெல்லாம், என் தம்பி நாக்கை அடக்கினவன், உங்க ஊட்டு ஆம்பளைங்க பொடி டப்பியக்கூட கீழ வைக்க மாட்டாங்க என்று இடிப்பாள். புருஷன் விட்ட காய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று என் மனைவிக்கு உத்தரவும் போட்டாள். சரி அண்ணி என்றாள் இவள். தனக்கென்று அடிக்கடி ஒரு பிடி பாகற்காய் வதக்கி ஆசையாகத் தின்கிறவள் இவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

வெகு காலம் கழித்து அவள் காய்ச்சலில் படுத்தாள். கஞ்சி இறங்கவில்லை.

"வாய் செத்துப் போச்சுங்க. பாகற்காய் வதக்கல் ஒரு வாய் இருந்தா எறங்கும்," என்றாள். உடனே, "வேணாம், உங்க விரதம் கீது," என்றாள்.

ஆஸ்டின் டவுனில் காய் வாங்கி வந்து நானே வதக்கினேன். தீய்ந்துபோயிற்று. அதைக் கட்டிலருகே வைத்துவிட்டு, அன்றைக்கு நான் விட்டது பொய் என்று சொன்னேன்.

"படகுல கத்தினப்பவே காப்பின்னுதான் நெனச்சேன்," என்றாள் அவள். "தெனம் உங்களுக்குக் காப்பி கலக்கறப்போ எல்லாம், கங்கம்மா கேட்டுக்கினு வந்துடுவாளோன்னு பயம். அதான் உங்க பேருல நான் இதை உட்டேன்."

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இப்போ நீங்க காப்பிய உடுங்க," என்றாள். "நான் இதைத் துன்றேன்."

விட்டேன் என்றேன். இரண்டு வாய் தின்றாள். உப்பு பத்தவில்லை என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அக்கா இன்றும், என் தம்பி காசியில காயும் உட்டான், காப்பியும் உட்டான் என்று சொல்லித் திரிகிறாள். எத்தனை தரம் மறுத்தாலும் அடக்கம் என்கிறாள். ஆகவே, காசிக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறபடியே சொல்லவேண்டும். மாம்பழத்தையும் பாகற்காயையும் விட்டவள் அவள். நான் காப்பியை விட்டது தீய்ந்த வாடை அடித்த எங்கள் வீட்டில், அதுவும் அவள் கேட்ட பிறகு. என்னை நல்லவனாக்க ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.