தப்பில்லாத நோட்டுக்கு மூன்று மதிப்பெண்

இன்று எம்பிராய்டரி டிசைன் வகுப்பில் என் செய்முறை நோட்டுக்குப் பத்துக்கு மூன்று!

"ஒரு தப்புகூட இல்லியேம்மா. தப்பு பண்ணித் திருத்தினது எங்க?" என்றார் ஆசிரியை. திங்கட்கிழமைக்குள் தப்புகளையும் நோட்டில் ஒட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாதாம்.

கோணல் தையலைப் பிரித்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று கான்வென்டில் பழகியவள் நான். பிரித்ததை யார் சேர்த்து வைப்பார்கள்?

திருத்தணி பஸ் ஸ்டாண்டில், வகுப்பில் ஒன்பது வாங்கிய பொதட்டூர்பேட்டைப் பெண் காதோடு சொன்னாள்: "மயில் டிசைன மொதல்ல முடிச்சிட்டேன் ஆன்ட்டி. அப்பறமா உக்காந்துகினு நாலு கோண மயில் வரைஞ்சி முன்னாடி ஒட்டிட்டேன். உங்களுக்கும் ரெண்டு வரையட்டா?"

ஜோடித்த தப்புக்கு ஒன்பது! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்களன்று நோட்டில் நான் செய்த ஒரே தப்பை ஒட்டுவேன்: இந்த வகுப்பில் சேர்ந்த ரசீது.

என் வேறு தப்புகள் தெரிந்தவர்கள் கீழே கமென்டில் எழுதலாம். துணிச்சல் இருந்தால்.