ஒரே பிளாஸ்க், இரண்டு டம்ளர்

கீழப்பழுவூர் காலனியில் வேம்புவிடம் போய், மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டுப்பாருங்கள். "பெரம்பலூர்ல, நரம்பு டாக்டர்கிட்ட" என்பாள். அடுத்த கேள்வி வருவதற்குள் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

மகள் பிரவீணா வேலை பார்ப்பது மனநல மருத்துவமனையில். இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்றால், ஆகத்தான் செய்தது. பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டார் விஷயம் தெரிந்ததும் பின்வாங்கிவிட்டார்கள். "பைத்தியங்களோட பொழங்குற பொண்ணு, நாளைக்கு அதுக்கே ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று மாப்பிள்ளையின் அத்தை இழுத்தாளாம். அந்த அத்தை எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. வேம்பு முந்தானையில் மூக்கைச் சிந்தியபடி அன்று முழுக்க அழுதாள். பிரவீணா தோசையைத் தின்று முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள்.

"உனக்கு ஒண்ணுமே இல்லயாடி?" என்றாள் வேம்பு.

"இல்லம்மா."

வீம்புக்குச் சொன்னதில்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை.

நர்சிங் முடித்தபோது திருச்சியில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இருதயப் பிரிவில் சேரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அங்கெல்லாம் இடமில்லை. பெரம்பலூரில்தான் "நாளைக்கே வந்துடுங்க" என்றார்கள். போனாள். அரியலூரில் பஸ் மாறி, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போய், சாயங்காலம் அதே புழுதியில் திரும்பினாள். முதல் வாரமே ஒரு பெண் முகத்தில் காறித் துப்பினாள். கழுவிக்கொண்டாள். செத்துப்போன தன் அக்கா என்று நினைத்து ஒருவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அவனாக விடும் வரை நின்றுவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள். கூடச் சேர்ந்த இன்னொரு பெண் அழுதுகொண்டே வேலையை விட்டு ஓடிப்போனாள். பிரவீணாவுக்கு அழுகையும் வரவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

"நீ பொழச்சுக்குவ. நல்லா மரத்துப்போயிட்ட" என்றாள் ஆயா பரிமளா. அந்த வார்டில் அவள்தான் பழந்தின்று கொட்டை போட்டவள்.

பாராட்டுதான். ஆனாலும் பிரவீணாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படி இருந்தது அவளுக்கு.

சிவசுப்பிரமணியனை அழைத்து வந்தது அந்தச் சமயத்தில்தான். கல்லங்குறிச்சியில் நிலபுலன் உள்ள குடும்பம். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்து, அது தீர்ந்த பிறகும் அவர் மனசில் தீரவில்லை. தம்பி தன் சோற்றில் எதையோ கலக்கச் சொல்லியிருக்கிறான், அதற்குத் தன் மனைவி ரத்தினம்மாளே உடந்தை என்று நம்ப ஆரம்பித்தார். அதன் பிறகு தோலோடு இருக்கிற பண்டத்தைத்தான் வாயில் வைப்பார். வாழைப்பழம், தன் கையால் உரித்த முட்டை, தன் கண் முன்னால் சீவிய இளநீர். தண்ணீர் என்றால் கடை பாட்டில்தான். மூடியைத் திருகும்போது சீல் உடைகிற சத்தம் காதில் விழவேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலோடு வீசிவிடுவார். நல்ல ஆகிருதியான மனிதர், தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மாத்திரையா? கிட்டே போகமுடியாது. ஊசி போட நான்கு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. ரத்தினம்மாள் கெஞ்சினாள், மைத்துனன் மிரட்டினான், பரிமளா கொஞ்சினாள். பிரவீணா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பழத்தையும் முட்டையையும் வைப்பாள், போய்விடுவாள். சாப்பிட்டாரா என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "பாப்பா, எல்லாரும் திங்கச் சொல்லி உசுர வாங்குறாங்க. நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"பசிச்சா சாப்புடுவீங்க சார்."

மறுநாள் அவர் காபி கேட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரே பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றவேண்டும், அவளும் எதிரே உட்கார்ந்து குடிக்கவேண்டும். குடித்தாள். இப்படியே தினமும் நடந்தது. கல்லங்குறிச்சிக்காரர், அதுவும் அந்த வீட்டு ஆள், பிரவீணா ஊற்றித் தந்த காபியை அவள் எதிரே உட்கார்ந்து குடிக்கிறார் என்று கேட்டபோது வேம்பு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நெசமாவாடி?" என்று மூன்று தடவை கேட்டாள்.

டாக்டருக்கும் இது தெரிந்தது. நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்து ஒன்று உண்டு. டீயில் கலந்தால் சரிப்படாது, காபியில் கலக்கலாம். "தெரியாம குடுக்கறது தப்புதான், எனக்கே புடிக்கல. ஆனா இந்த மனுஷன் இப்புடியே போனா தேறமாட்டாரு. கொஞ்சம் தெளிஞ்சதும் நாமளே சொல்லிடணும்" என்றார். ரத்தினம்மாள் அழுதுகொண்டே சம்மதித்தாள். எல்லாரும் பிரவீணாவைப் பார்த்தார்கள்.

சின்ன வேலைதான். அவருடைய எவர்சில்வர் டம்ளரின் அடியில் முன்கூட்டியே சொட்டுகளை விட்டுவிடவேண்டும். பிறகு அவர் கண் முன்னாலேயே பிளாஸ்கைத் திறந்து இரண்டிலும் ஊற்றினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அவருக்கு வந்தது. டம்ளரை உதடு வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"பாப்பா, யாரையும் நான் கேக்கமாட்டேன். உன்னத்தான் கேக்குறேன். இதுல ஏதாச்சும் போட்டிருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். நானும் இதத்தானே குடிக்கிறேன்."

அவர் குடித்தார். அவளும் குடித்தாள். காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு மனிதர் மெல்ல மெல்லத் தெளிந்தார். தூங்கினார். முட்டையை விட்டுச் சோற்றுக்கு வந்தார், பிறகு ரத்தினம்மாள் கொண்டுவந்த குழம்புக்கும் வந்தார். அந்த அம்மாள் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதாள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, டாக்டர் முன்னால், மைத்துனன் முன்னால் சொன்னார்: "எல்லாரும் என்னய ஏமாத்தப் பாத்தாங்க. இந்தப் புள்ள ஒண்ணுதான் பொய் சொல்லல."

டாக்டர் மேசையில் எதையோ தேடினார். அவர்தான் சொல்லியிருக்கவேண்டும். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சிவசுப்பிரமணியன் அடுத்த தடவை வரவே இல்லை. நன்றாக இருக்கிற ஆளுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? மருந்து பாட்டில் மட்டும் மாதாமாதம் ரத்தினம்மாளின் கைப்பையில் ஒளிந்துகொண்டு போனது.

பிரவீணா வேறு கட்டில்களைப் பார்த்தாள். பொங்கல் வந்து போனது, வெயில் ஏறியது. ஒருநாள் ரத்தினம்மாளிடமிருந்து போன்.

"கர்ப்பப்பைய எடுத்தாகணுமாம்மா. திருச்சில ஆபரேஷன். போனா வர ரொம்ப நாளாவும். இவருக்கு யாரு கலந்து குடுப்பா? மருமககிட்ட சொன்னா விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். போன மாசம் தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டுச் சேந்தாப்புல பத்து நாளு தங்கிட்டேன். வந்து பாத்தா, முட்டைய வேகவச்சு உரிச்சுத் தின்னுகிட்டு ஒக்காந்திருக்காரும்மா!" சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ ஒரு நட வந்து, சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிரு. நீ சொன்னா மறுபேச்சுப் பேசாம முழுங்கிடுவாரு."

டாக்டரிடம் சொன்னாள். "சத்து மாத்திரையெல்லாம் வேணாம். இனிமே அவருக்குத் தெரிஞ்சாகணும். கூட்டிட்டு வரச் சொல்லு, நானே சொல்றேன்" என்றார். கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரவீணாவே போனாள். பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். உண்மையைச் சொல்லப்போகிறாளா, சத்து மாத்திரை என்று சொல்லப்போகிறாளா என்பது இறங்கும் வரை அவளுக்கே தெரியாது. பொய் சொன்னால் வேலை சுலபமாக முடியும். மனிதர் தேறின மாதிரியே இருப்பார். உண்மையைச் சொன்னால் பழையபடி முட்டைக்கும் சீல் பாட்டிலுக்கும் திரும்பிவிடலாம், ரத்தினம்மாள் ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடலாம். இதையெல்லாம் யோசித்தபோதும் நெஞ்சு ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. கணக்குப் பாடம் மாதிரிதான் யோசித்தாள்.

சிவசுப்பிரமணியன் வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல். "அட, வா பாப்பா! உள்ள வா!" என்று அழைத்துப் போய்க் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்தக் கூடம் வரைக்கும் வேம்பு வந்ததில்லை, வேம்புவின் அம்மா வந்ததில்லை. உள்ளேயிருந்து ரத்தினம்மாள் ஒரு தட்டில் பிளாஸ்கையும் இரண்டு டம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டு டம்ளர்தான், இரண்டும் ஒரே ஜோடி. சொல்லிவிடாதே என்பது போல ரத்தினம்மாளின் கண் அவளைப் பார்த்தது.

"நம்ம காபி" என்று சிரித்துக்கொண்டே அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகினார்.

அவர் பக்கத்து டம்ளரின் அடியில் ஈரம் மினுங்கியது. கழுவின தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரவீணாவுக்குத் தெரியாதா அது என்ன என்று? அவர் அதன் மேலேயே ஊற்றினார். அவளுக்கும் ஊற்றினார். எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"சார், குடிக்காதீங்க" என்றாள். உடனே, "இல்ல, குடிங்க. குடிக்கணும். ஆனா அதுல மருந்து இருக்கு சார்" என்றாள்.

ரத்தினம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரவீணா எல்லாவற்றையும் சொன்னாள். என்ன நோய், என்ன மருந்து, எதற்காக விடாமல் சாப்பிடவேண்டும், ரத்தினம்மாள் கல்யாணத்துக்குப் போன நாட்களில் அவருக்கு ஏன் முட்டை தேவைப்பட்டது என்பது வரை. குரல் நடுங்கவே இல்லை. அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியிலயும் இப்புடித்தானா?"

"ஆமா சார். டம்ளர் அடியில."

"அன்னிக்கு நான் கேட்டேனே பாப்பா."

"கேட்டீங்க சார்."

"எல்லாருமா சேந்துதான் கலந்திருக்கீங்க. அவங்க யாரையும் நான் கேக்கல. உன்ன ஒருத்தியத்தான் கேட்டேன்."

அவர் கத்துவார், டம்ளர் பறக்கும் என்று ரத்தினம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ரத்தினம், நீ ஆபரேஷனுக்குப் போ. மாத்திரையா வாங்கிக் குடு, நானே போட்டுக்கறேன். இனிமே எனக்கு டீ போடு. காபி எனக்கு என்னைக்குமே புடிச்சதில்ல." பிரவீணாவைப் பார்க்காமலே எழுந்து வாசலுக்குப் போய், சோளத்தைக் காலால் கிளற ஆரம்பித்தார்.

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். ரத்தினம்மாள் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாகத் திரும்பினாள். அடுத்த மாதம் சிவசுப்பிரமணியன் தன்னந்தனியாக பஸ் ஏறிப் பெரம்பலூருக்கு வந்தார். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ செஞ்சதுதான் சரி பிரவீணா" என்றார். ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீ குடித்தார் சிவசுப்பிரமணியன், எதிரே இருந்த மெஸ்ஸில் எல்லாரோடும் உட்கார்ந்து மூக்கு முட்டச் சாப்பிட்டார். மருமகள் கையால், மைத்துனன் வீட்டில், எங்கே கொடுத்தாலும் இப்போது சாப்பிடுகிறாராம். நோய் அடங்கிவிட்டது.

மதிய மாத்திரையைப் போட்டுக்கொள்ள வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். பிரவீணா ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"இந்தாங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, கடையில் வாங்கின தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திருகினார். சீல் உடைந்தது. மாத்திரையைப் போட்டு, அண்ணாந்து குடித்தார்.

"நீ வேலையப் பாரும்மா" என்றார். பாப்பா என்று சொல்லவில்லை.

தூரத்தில் துடைப்பத்தோடு நின்ற பரிமளா கிட்டே வந்து குசுகுசுத்தாள். "பாத்தியா? தேவைன்னா உன் கையால வாங்கிக் குடிச்சாரு. ஊருக்குப் போனதும் சாதிப் புத்தி வந்துருச்சு பாரு. இவனுங்கள்லாம் இப்புடித்தான், விடுடி."

அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. திட்டித் தீர்த்திருக்கலாம், வேம்புவிடம் சொல்லி இரண்டு பேருமாக மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம்.

"இல்லக்கா. அதுக்கு இல்ல" என்றாள் பிரவீணா.

"பின்ன எதுக்காம்?"

நீட்டின டம்ளர் இன்னும் கையில் இருந்தது. அந்தத் தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்தாள். நெஞ்சில் ஏதோ முள் மாதிரி குத்தியது, விடாமல் குத்தியது, கண் முட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி எதுவும் அவளுக்கு வலித்ததில்லை. துப்பினது வலிக்கவில்லை, கல்யாணப் பேச்சு முறிந்தது வலிக்கவில்லை, இது வலித்தது. அடுத்த நோயாளி தண்ணீர் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, டம்ளரைக் கழுவப் போனாள்.