சத்தம் நின்ற பிறகு

பனிச்சறுக்கு விடுதிக்கு வேலைக்குப் போகும் உங்கள் தம்பி எந்தச் சரிவின் கீழ் படுக்கிறான் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? சம்பளத்தைக் கேட்டிருப்பீர்கள்.

பாரிஸில், லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவும் மடுத்தீனிடமும் யாரும் கேட்கவில்லை. 2012 மார்கழியில் அவரும் கூட்டாளி தவரத்தினமும் ஆல்ப்ஸ் மலையில் ஒரு விடுதிக்குக் குளிர்கால வேலைக்குப் போனார்கள். வேலையாட்கள் படுப்பது விடுதியில் அல்ல. சரிவுக்கு அப்பால் ஒரு மரக்கொட்டகையில். இடையில் ஒற்றையடிப் பாதை.

அந்தக் குளிர்காலத்தில் முதலில் விழுந்த பனி இறுகாமல் சீனிபோல் உதிரியாகக் கிடந்தது. தையில் அதன்மேல் புதுப்பனி கொட்டியது. காற்று அதை அடித்து அடித்துப் பலகையாக்கியது. சீனிமேல் வைத்த பலகை வழுக்க ஒரு மனிதனின் எடை போதும். பனிச்சரிவு ஆபத்து ஐந்தில் நான்காம் நிலை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள், விருந்தினர் நுழையும் முன்வாசலில். கொட்டகையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

ஒருநாள் விடிய வெடிச்சத்தம் கேட்டது. தொங்கும் பனியை வெடிவைத்து விழுத்துவது அங்கே வழக்கம். மடுத்தீன் கட்டிலுக்குக் கீழே பாய்ந்து குப்புறப் படுத்தார்.

"இஞ்சையும் ஆட்லறியோ அண்ணை? எழும்புங்கோ, முதலாளி கத்தப்போறான்," என்று தவரத்தினம் சிரித்தார்.

சத்தம் நின்றது. 2009இல் வன்னிப் போரில் மடுத்தீன் உயிர் தப்பியது ஒரே கணக்கில்தான்: ஷெல் ஓய்ந்ததும் பதுங்குகுழியை விட்டு ஓட வேண்டும், அடுத்தது வருமுன்.

"நிண்டிட்டுது. இப்பவே போவம். பிந்தினா திரும்ப அடிப்பாங்கள்."

மலையில் கணக்கு வேறு. வெடிக்கு விழாத பனி பிடி தளர்ந்து நிற்கக்கூடும். மலைக்காவலர் பார்த்துத் திறக்கும்வரை பாதையில் கால் வைக்கக்கூடாது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய முதலாளி, காலைச் சாப்பாட்டுக்கு ஆள் பிந்தக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

தவரத்தினம் முன்னால் நடந்தார். பாதி வழியில் பனி தொம்மென்று அமுங்கியது. மேலே சரிவின் குறுக்கே ஒரு விரிசல் கோடு ஓடியது.

"அண்ணை, இதென்ன..."

சரிவு உடைந்து கீழே வந்தது. பின்னால் வந்த மடுத்தீன் இடுப்புவரை புதைந்தார். தவரத்தினத்தை நீண்ட கம்புகளால் குத்தித் தேடி எடுத்தபோது மூச்சு இல்லை.

பாதை மூடியிருந்தது என்றார் முதலாளி. மூடிய பாதையில் வழி மறிக்க ஒரு கயிறுகூட இல்லை. செத்தவீட்டில் நம்மவர்கள் விதி என்றார்கள். விதியென்றால் யாரும் கயிறு கட்டவேண்டியதில்லை. அதனால்தான் முதலாளிகளுக்கு அந்தச் சொல் பிடிக்கிறது.

சென்ற வாரம் விடுதிகளுக்கு ஆள் பிடிக்கும் கிருஷாந்த் கடைக்கு வந்தார். மலைக்கு இரண்டு பேர் வேண்டுமாம். மடுத்தீன் ஈரக்கையோடு குசினியிலிருந்து, சமையலறையிலிருந்து, வெளியே வந்தார்.

"படுக்கிற இடத்துக்கும் குசினிக்கும் இடையிலை என்ன கிடக்கு?"

"பனிதான் அண்ணை. வேறென்ன, மாம்பழமே?"

"அதுக்கு மேலை என்ன கிடக்கு?"

"அதை நான் போய்ப் பார்க்கேல்லை அண்ணை," என்று கிருஷாந்த் பெயர் எழுதின தாளை மடித்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ரயில்.

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது புறப்படுகிறார்களா? மடுத்தீனின் இந்த இரண்டு கேள்விகளையும் முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை ரயில் ஏற விடாதீர்கள்.