என்ரை கடைத் தோசை எனக்கில்லை

சாப்பாட்டுக் கடைக்காரன் பசி கிடக்கமாட்டான் எண்டு ஆர் சொன்னது? ஊர்காவற்றுறை இறங்குதுறையடியிலை கடை வைச்சு, விடியத் தோசை, மத்தியானம் சோறு, பின்னேரம் பிட்டு எண்டு ஊருக்கெல்லாம் போட்ட எனக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, வந்துது. கால் பெருவிரலிலை ஒரு புண், ஆறவே மாட்டன் எண்டு நிண்டுது. "சோறு, மா, இனிப்பு மூண்டையும் விடும். மீன், முட்டை, கீரை தின்னும். இல்லையெண்டால் விரலை எடுக்கவேணும்," எண்டார் டாக்குத்தர். என்னைப் போலை மாட்டுப்பட்ட சலரோகக்காரரே, கிட்ட வாங்கோ, இது உங்களுக்குத்தான்.

கடி

சோத்தை விட்டன், தோசையை விட்டன், தேத்தண்ணிக்குச் சீனியையும் விட்டன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனன். டாக்குத்தர் என்ரை சலத்தை நீல மருந்தோடை சேர்த்துக் குழாயிலை காய்ச்சினார். நீலமாய் நிண்டால் சலத்திலை சீனியில்லை, நல்லம். அது செங்கல் நிறமாய் வந்து நிண்டுது!

"தேத்தண்ணியிலை ஒரு கிள்ளுச் சீனி போட்டிருந்தால் என்னைக் கேளுங்கோ!" எண்டு துள்ளினன். உண்மைதானே? பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுத்தான் வெறும் தேத்தண்ணி குடிச்சனான். எங்கடை பக்கத்திலை அதை ஆர் இனிப்பெண்டு கணக்கிலை எடுக்கிறது? கூட வந்த, என்ரை கடையிலை சமைக்கிற கோக்கி சின்னத்தம்பி, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இராமல், "தேத்தண்ணிக்குள்ளை போடேல்லை ஐயா, வாய்க்குள்ளைதான் போட்டவர்," எண்டான்.

கூழ்

பனங்கட்டியையும் விட்டாப்பிறகு புண் காயத் துவங்கிச்சுது. அந்த நேரம் பார்த்து நெடுந்தீவு வள்ளக்காரன் சவிரி கரையிலை ஒடியற் கூழ் காய்ச்சினான். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை... ஐயோ, அந்த மணம்! இது மீன்தானே எண்டு மனசுக்குச் சொல்லிச் சொல்லிப் மடிச்ச பனையோலைப் பிளாவிலை வாங்கி வாங்கிக் குடிச்சன். பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச ஒடியல் மாவும் மாதான் எண்டது வயிறு நிரம்பின பிறகுதான் ஞாபகம் வந்துது.

அடுத்தநாள் எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போச்சு. போனது போச்சு, இனி என்ன பத்தியம் எண்டு, சின்னத்தம்பியிட்டைத் தோசை கேட்டு வாங்கி முன்னாலை வைச்சன். தேத்தண்ணிக்கு வந்த சவிரி தோசைக் கோப்பையை இழுத்துத் தன்ரை பக்கம் வைச்சுக்கொண்டு சொன்னான்: "அண்ணை, வள்ளத்துக்குள்ளை ஒரு அலைத் தண்ணி அடிச்சால் நாங்கள் இறைச்சுப்போட்டு ஓடுறனாங்கள். அதுக்காக அடியிலை ஓட்டை போடுறேல்லை."

சந்தேகம்

அண்டைக்கே திரும்பப் பத்தியத்திலை ஏறினன். அடுத்த சோதனை, கடைக்கு வந்த ஒரு புதுமுகம். நான் பொரிச்ச மீனும் முருங்கையிலை வறையுமாய் இருக்கிறதைப் பார்த்துப்போட்டு, வைச்ச தோசையைத் தள்ளி விட்டான். "கடைக்காரனே தொடாத தோசையிலை என்ன கிடக்கோ?" எண்டு சத்தமாய்க் கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவையும் கையை நிப்பாட்டிச்சினம்.

ஒரு தோசையை எடுத்து வாயிலை போட்டால் பேச்சு முடிஞ்சுது. கையும் தோசைக்குப் போச்சுது. ஆனால் விடுவனோ நான்? கதிரையிலை காலைத் தூக்கி வைச்சு, புண்ணுக்குப் போட்ட கட்டை அவிழ்த்து விரலைக் காட்டினன். "இதுக்காகத்தான் தின்னேல்லை. தோசையிலை ஒரு பிழையும் இல்லை!" எண்டன். அவன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோசைக் கோப்பையைத் திரும்ப இழுத்தான். "அப்ப உம்மடை பங்கையும் இதிலை போடும்."

நீலம்

பிறகு ஒருநாள் குழாய் நீலமாகவே நிண்டுது. புண்ணும் மூடிச்சுது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு, வெக்கமில்லாமல் சொல்லுறன். சந்தோசத்திலை கூழ்க் கதையையும் டாக்குத்தரிட்டை உளறிப்போட்டன். மனிசன் சிரிக்காமல் கையைக் கழுவினார். "விரல் இனி உம்மோடைதான் இருக்கும். ஆனால் அது சவிரியின்ரை கூழ்ப் பானைப் பக்கம் நடக்கக் கூடாது."

பத்தியத்திலை சறுக்கினால் அடுத்த சாப்பாட்டிலையே எழும்பிப் போடுங்கோ, விரல் தப்பும்; வாய் ஊறுறதுக்கு மட்டும் எந்த டாக்குத்தரிட்டையும் மருந்தில்லை.