ஆறுமணிக்குருவியின் பின்னால்

என் கணவருக்கு ராஜஸ்தானில் உள்ள சுரங்கத்துக்கு மாற்றல் வந்தபோது மகள் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். அந்த நேரத்தில் அவளைப் பள்ளி மாற்ற முடியாது. அதனால் நானும் அவளும் நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டோம். அவர் மட்டும் இரண்டு பெட்டிகளோடு கிளம்பினார். கேமராவை வைத்துவிட்டுப் போனார்.

"அங்க ஒரே மணலு. லென்ஸ் வீணாயிடும். நீ வச்சுக்கோ. பின்பக்கம் வர்ற குருவிங்களை எடுத்து அனுப்பு," என்றார்.

அதுவரை நான் எடுத்ததெல்லாம் பிறந்தநாள் கேக் படங்கள்தான். முதலில் அனுப்பிய படங்களில் பறவை எங்கே என்று அவர் தேட வேண்டியிருந்தது. சமையலறை ஜன்னலில் நின்றபடி எடுத்ததால் எல்லா மைனாவுக்கும் முதுகு மட்டுமே தெரிந்தது. பிறகு இணையத்தில் ஒரு பறவைப் படக் குழுவில் சேர்ந்தேன். அங்கே சொன்னவற்றை மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். அது பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும். பின்னணியில் கண்ணை இழுக்கிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் என்னைப் பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியும் நேரத்தில் மாமரத்தடியில் இரண்டு விசில் கேட்டது. யாரோ பையன் கூப்பிடுகிறான் என்று எட்டிப் பார்த்தால், சருகுக்குள் ஆறுமணிக்குருவி தத்திக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. கேமராவை எடுத்து வருவதற்குள் போய்விட்டது.

அன்று காலை பிளாக்கைப் பெருக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளி அக்காவிடம், எங்கள் மாமரத்தடியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அவர் பக்கத்தில் உள்ள காடாம்புலியூர்க்காரர். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா, குப்பய வச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?"

"ஒரு குருவி வருதுக்கா. சருகைக் கிளறித்தான் புழு தின்னுது."

"பச்சையா, வாலு இல்லாத மாரி குந்திக்கினு இருக்குமே, அதா? எங்க முந்திரிக் கொல்லையில வருமே! நீங்க நின்னுக்கினு இருந்தா அது வராது. படுத்துக்கினு பாருங்க."

படுத்தேன். பழைய பாயை விரித்து, கணவரின் பழைய காக்கிச் சட்டையை நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு, நான்கு விடியற்காலைகள். எறும்பு கடித்தது. ஐந்தாம் நாள் குருவி எனக்கு நேராக வந்து நின்று தலையைச் சாய்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

மரத்தடி இருட்டில் எடுத்ததால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. தொண்டையின் வெள்ளை மட்டும் அளவுக்கு மீறி வெளுத்துப் போயிருந்தது. மூன்று நாள் மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைத்தேன், புள்ளிகளை மட்டுப்படுத்தினேன். பச்சையை ஏற்றிப் பார்த்துப் பிளாஸ்டிக் மாதிரி தெரியவும் பழையபடி இறக்கினேன். பின்னணியில் கொடிக்கயிறும் அதில் காய்ந்த துணிகளும் இருந்தன, ஒரு நீல வாளி இருந்தது, பின்வாசல் படி இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். மிச்சத்தை வெட்டினேன். குழுவில் பாராட்டு குவிந்தது. பெருமையோடு அவருக்கு அனுப்பினேன்.

"நல்லாருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"எங்க எடுத்தே?"

"நம்ம மாமரத்துக்கு அடியிலங்க."

"அப்படியா? பார்த்தா தெரியலையே. எந்த ஊர்லயோ எடுத்த மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. திருத்தாத படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். 

"மாமரத்துக் கிளைய வெட்டிட்டாங்களா?"

"மழைக்கு முன்னாடி வெட்டினாங்க."

"கொடியில தொங்குறது என் சட்டைதானே?"

"ஆமா. முந்தின நாள் துவைச்சது. தரையில படுக்கறப்ப போட்டுக்கறேன்."

  குருவியின் தலைக்கு மேல் அந்தச் சட்டையின் கை வந்து இடித்தது என்பதற்காக அதை முதலில் அழித்தவள் நான்.

அன்றைக்கே அந்தத் திருத்தாத படத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை குருவியை இடது ஓரத்தில் நிறுத்தி, அது பார்க்கிற பக்கம் முழுவதும் வீட்டுக்கு விட்டேன். கயிறும் சட்டையும் படியும் மங்கலாகத் தெரிந்தன. குழுவில் போட்டதும் ஒருவர், 'பின்னணி கெடுத்துவிட்டது' என்று எழுதினார்.  அதன்பிறகு படுப்பதற்கு முன்பே, பறவைக்குப் பின்னால் வீட்டின் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று பார்த்துப் பாயை இழுத்துப் போடப் பழகினேன்.

பொங்கலுக்கு அவர் லீவில் வந்து நான்கு நாள் இருந்தார். அதற்குள் குருவி தெற்கே போய்விட்டிருந்தது. சொல்லியும் கேட்காமல் இரண்டு விடியற்காலை அதே பாயில் படுத்துக் காத்திருந்தார். தவிட்டுக்குருவிகள்தான் வந்து கத்தின. மூன்றாம் நாள் அசந்து தூங்கினார். நான் எழுப்பவில்லை. பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து கேமராவைப் பார்த்தேன். அவர் எடுத்த படங்களில் ஒரு பறவைகூட இல்லை. மாமரம், படி, பல் துலக்கும் மகள். ஒன்றில் நான் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ரயிலிலிருந்து பேசினார்.

"என் தலைய பாதி வெட்டிட்டீங்க," என்றேன்.

"அடுத்த தடவை வர்றப்ப ஒழுங்கா எடுக்கறேன்."