நாலாவது சிலிண்டர்

சாரல் தொடங்கிய வாரம் எங்கள் பழைய லாரி புளியரை ஏற்றத்தில் திணறியது. புகை தள்ளியது, இழுவையே இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "இன்ஜின் போச்சு, எடைக்குப் போடுங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் அதை நம்பி, துபாய்க்கு டிரைவராகப் போக ஏஜென்டிடம் சொல்லியும் வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் வாயைக் கேட்டுக் குடும்பத்தைப் பிரிப்பார்களா? முதலில் இன்ஜினில் கம்ப்ரெஷன் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள் என்று நானும் லாரியில் ஏறித் தென்காசி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணாச்சி, சூடாக இருந்த இன்ஜினில் டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் அவர் மீட்டரை மாட்ட, வீட்டுக்காரர் கேபினில் இருந்து செல்ஃப் அடித்தார். உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும். காற்று இறுகாவிட்டால் டீசல் பற்றாது. மூன்று சிலிண்டரில் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. நாலாவதில் பாதிகூட ஏறவில்லை.

அண்ணாச்சி அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டார். "பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா, ஆயில் சந்த அடைச்சு இப்ப முள்ளு ஏறும் தங்கச்சி. ஏறிச்சுன்னா இன்ஜினப் பிரிக்கணும்."

ஏறவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்போ வால்வு சரியா மூடமாட்டேங்கு. வால்வ அமுக்குத டாப்பெட்ல யாரு கைய வச்சது?"

வீட்டுக்காரர் கேபின் கதவைத் திறந்தார். "நாந்தான் அண்ணாச்சி. புனலூர்ல லோடு இறக்குதவங்க, உன் வண்டி தாளம் போடுதுன்னு சிரிச்சாங்க. சத்தம் வந்த நாலாவது டாப்பெட்ட இறுக்கிட்டேன்."

"சத்தம் வரட்டுமேய்யா. சூடானா வால்வு நீளுமில்லா? இடைவெளி இல்லன்னா எப்படி மூடும்?"

கௌரவம் பார்த்து இன்ஜினைக் கெடுத்த மனிதர் கடல் தாண்டப் புறப்பட்டாராம். திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி தகடு வைத்து இடைவெளியை அளந்து டாப்பெட்டைத் தளர்த்தினார். மறுபடி பார்த்தபோது முள் மற்ற மூன்றுக்கும் ஒரு கோடு கீழே வந்து நின்றது. "பழசுதான். ஆனா இன்னும் ஓடும்" என்றார்.

நாசில்களை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் டக்டக்கென்று பழைய சத்தம் வந்தது. வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏட்டி, கொல்லத்துக்கு ஒரு லோடு கேட்டாங்க. எடுக்கட்டா?" என்றார்.

"மொதல்ல அந்த ஏஜென்டுக்குப் போனப் போட்டு வரலன்னு சொல்லுங்க."

"இந்தச் சத்தத்துல எப்படிப் பேச? ஆஃப் பண்ணிட்டுப் பேசுதேன்."

"ஆஃப் பண்ண வேண்டாம். ஓடட்டும்" என்றேன்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி, வரவில்லை என்று கத்திச் சொன்னார்.