மதுரையில் கேட்ட வாக்கு

டெலிவிஷனில் அம்மாவாக நடித்த ஒரு பெண்மணியிடம் என் ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பன்னிரண்டாவது பாஸ் செய்தவள். யோசித்து, திட்டம் போட்டுத்தான் போனேன். அதனால்தான் அந்தப் பயணத்தின் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

கொடைக்கானல் மலையில் டவர் வைத்த பிறகுதான் எங்கள் பக்கம் டெலிவிஷன் வந்தது. ஓடைப்பட்டியில் நாங்கள் வேலை பார்த்த திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் ஒன்று வாங்கினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒரு தொடர் வரும். கூடத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் உட்காருவார்கள். திறந்திருக்கும் கதவுக்கு இந்தப் பக்கம், முற்றத்துச் சிமெண்டுத் தரையில், தோட்டத்து வேலைக்காரர்களான நாங்கள். நான் மட்டும் தரையில் உட்கார மாட்டேன். சுவரில் சாய்ந்து நின்றபடியே பார்ப்பேன். கால் கடுக்கும். கடுத்தால் கடுக்கட்டும் என்று நிற்பேன்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. குடிகாரப் புருஷன், ஒரே மகள். சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அந்த மகளை வயசான மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்ப்பார்கள். அம்மாக்காரி முடியாது என்பாள். தன் காதுத் தோட்டைக் கழற்றி விற்று மகளை டீச்சராக்குவாள். "என் மக கையில கரண்டி வேணாம், சாக்பீசு இருக்கட்டும்" என்று அவள் சொல்லும்போது முற்றமே மூக்கை உறிஞ்சும்.

அவள் தோட்டைக் கழற்றிய அன்றைக்கு என் ஆத்தாள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டெலிவிஷன் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக விழுந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது பெண்கள் என் பக்கம் திரும்புவார்கள். "ஏத்தா, வாசி." நான் உரக்க வாசிப்பேன். தோட்டக்காரர் மகனை விட வேகமாக வாசிப்பேன். அம்மாவாக நடித்தவரின் பெயரை ஆத்தாளுக்குப் பல தடவை சொல்லிக்கொடுத்தேன். அவள் வாயில் அது நுழையவில்லை, நுழைய வேண்டும் என்று அவளுக்கும் இல்லை. "பேரு எதுக்கு? அவதான் அவ" என்றுவிட்டாள்.

பரீட்சை முடிவு வந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகக் கார்டும் வந்தது. அதே வாரம் கடமலைக்குண்டிலிருந்து ஆத்தாளின் தம்பியும் வந்தார். என் மாமன். சந்தையில் கயிறும் சாக்கும் விற்பவர். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்று சொல்வார்கள், அப்படியே கட்டிக்கொள்ளவும் வந்திருந்தார். அய்யா எதிலும் தலையிட மாட்டார். "ஒங்க ஆத்தா முடிவுதான்" என்று வெளியே போய்விட்டார். ஆத்தாளுக்கோ முடிவெடுக்கத் தெரியாது. வாக்குக் கேட்கத்தான் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு முறை உண்டு. ஆடு வாங்குவதோ, பெண் கொடுப்பதோ, மனசு ரெண்டாக இருந்தால் கோடாங்கி மாதிரி வாக்குச் சொல்பவரிடம் போய் நிற்பார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. தட்டை நீட்டிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். எதிரே இருப்பவர் வாயிலிருந்து முதலில் எது வருகிறதோ அதுதான் வாக்கு. மறுபடி கேட்கக்கூடாது. மீறினால் யாருக்காகக் கேட்டோமோ அவர்களுக்கு ஆகாது.

"மார்க்கையன்கோட்டைக் கோடாங்கிகிட்டப் போவோம். அவுக என்ன சொல்றாகளோ அது" என்றாள் ஆத்தாள்.

"அவரு எந்தப் பொண்ணப் பாத்துப் படின்னு சொல்லியிருக்காரு?"

"வாய மூடு. சாமி குத்தம்."

நான் சொன்னது பொய்யில்லை. அந்தக் கோடாங்கி வயசுப் பெண்ணைக் கண்டாலே தாலி என்பார். அவரிடம் போனால் என் கார்டு அடுப்புக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் தோட்டக்காரர் வீட்டுக்கு இரண்டு பாஸ் வந்தது. தொடரில் நடித்தவர்கள் எல்லாரும் மறுபடி ஒன்றுகூடும் விழா, மதுரையில். தேனியில் டெலிவிஷன் விற்ற கடைக்காரர் தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டில் கல்யாணம் ஒன்று இருந்ததால், "ஒனக்குத்தான அந்தப் பைத்தியம், நீயே போயிட்டு வா" என்று அந்த வீட்டம்மா என் கையில் போட்டுவிட்டார்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஆத்தாள் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஆத்தா, தோடு வித்த அம்மா மதுரைக்கு வர்றாக. அவுககிட்ட வாக்குக் கேப்பமா?"

அவள் சிரிக்கவில்லை. கத்தரியை இறக்கினாள்.

"அவுககிட்டக் கேக்கலாமா?"

"ஏன் கேக்கக்கூடாது? ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் சொன்னவுகதான?"

"நீ படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. கோடாங்கி என்ன சொல்வார் என்று தெரிந்ததைப் போலவே, அந்த அம்மா என்ன சொல்வார் என்பதும் எனக்கு வரிவரியாகத் தெரியும். ஆத்தாளின் மூடநம்பிக்கையை வைத்தே ஆத்தாளை ஜெயிக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். தேனியில் மாறி மதுரை பஸ் ஏறினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று ஜன்னல் வழியாக மண்ணை அள்ளி அடித்தது. ஆத்தாள் முக்காடு போட்டிருந்தாள், காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். அவளை நான் அங்கேயே ஒரு சத்தியத்தில் கட்டிப்போட நினைத்தேன்.

"மொத வாக்குதான் ஆத்தா. பெறகு தம்பி அழுதான், சொந்தம் விட்டுப்போச்சுன்னு மாத்திப் பேசக்கூடாது."

"நான் ஏன்டி மாத்துறேன்? என்னைக்கும் மொத வாக்குதான்."

"சத்தியம் பண்ணு."

என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். காய்த்துப்போன கை, சுளீர் என்றது.

உசிலம்பட்டி தாண்டும்போது மடியிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். உள்ளே பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், ஓலைக் கொட்டானில் பன்னீர் திராட்சை.

"இதெல்லாம் எதுக்கு?"

"வெறுங்கையோடவா வாக்குக் கேக்கப் போவாக?"

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தாள் முதலில் திணறிப்போனாள். தொடரில் நரைத்த தலையோடு பருத்திச் சேலை கட்டிய அம்மா, இங்கே கறுத்த முடியும் பட்டுமாக இருந்தார்.

"நரை எங்கடி போச்சு?"

"அது மாவு, ஆத்தா."

"மக டீச்சர் வேலைக்குப் போயிட்டாள்ல. கஷ்டம் தீந்திருச்சு. அதான்."

மகளாக நடித்த பெண் மைக்கில் பாதி இங்கிலீஷில் பேசினாள். "பாத்தியா, டீச்சர்னா டீச்சர்தான்" என்று ஆத்தாள் என் தொடையைத் தட்டினாள். குடிகாரனாக நடித்தவர் எழுந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி கத்தினாள்: "ஏலே குடிகாரப் பயலே, பொண்டாட்டி வித்த காதுத் தோட்ட மீட்டுக் குடுத்தியாலே?" மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அவரும் கும்பிட்டுச் சிரித்தார். ஆத்தாள் மட்டும் சிரிக்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பேச்செல்லாம் முடிந்த பிறகு நடிகர்களை நாற்காலி போட்டுக் கீழே உட்காரவைத்து, ஜனங்களை வரிசையில் விட்டார்கள். ஆத்தாள் படிக்கட்டு ஓரத்தில் குந்தி, பித்தளைத் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினாள். வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்தாள். மற்றவர்கள் கையில் ஆட்டோகிராப் புத்தகம். எங்கள் கையில் தாம்பூலத் தட்டு.

"தட்டு வேணாம் ஆத்தா. எல்லாரும் பாக்குறாக. மானம் போகுது."

"சும்மா வா."

நான் வெட்கப்பட்டது பக்கத்தில் நின்ற மதுரைப் பெண்கள் பார்த்ததற்கு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு என்று என் பன்னிரண்டு வருஷப் படிப்புக்குத் தோன்றவில்லை.

எங்கள் முறை வந்தது. ஆத்தாள் தட்டை நீட்டினாள். கேள்வியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் சேலைக்கு அடியில் என் விரலைப் பிடித்து நெரித்தாள். கேள்வியைச் சொல்லக்கூடாது.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம். பிறகு என்னைப் பார்த்தார். நான் இருந்ததில் நல்ல தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தேன். யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்களோ அதையே அவரும் நினைத்தார். முகம் மலர்ந்தது.

"பொண்ணுக்குக் கல்யாணமா? ரொம்ப சந்தோஷம். காலாகாலத்துல முடிச்சு வெச்சிடுங்கம்மா. அதுதான் பெத்தவங்களுக்கு நிம்மதி. நல்லா இருப்பா."

தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். விரல் குளிர்ச்சியாக இருந்தது.

"இல்லம்மா, கல்யாணம் இல்ல" என்று கத்தியேவிட்டேன். "டீச்சர் ட்ரெயினிங். எனக்கு இடம் கெடச்சிருக்கு. அதுக்குத்தான் வந்தோம்."

"அப்படியா? அடடே, படியேன். ரொம்ப நல்லது" என்றார் அவர். அதற்குள் வரிசையை நகர்த்துகிறவர் என் தோளைத் தள்ளினார். அந்த அம்மாவின் கண் எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் போய்விட்டது. திராட்சைக் கொட்டானை யாரோ ஒருவர் வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

வெளியே வந்ததும் ஆத்தாளைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டீல்ல? படின்னு சொன்னாகள்ல?"

"அது நீயா கேட்டு வாங்குனது."

"அவுக தட்டப் பாத்துட்டுத் தப்பா நெனச்சுட்டாக ஆத்தா! கல்யாணத்துக்கு வந்திருக்கோம்னு நெனச்சுட்டாக!"

"அவுக என்னத்த நெனச்சா என்ன? வாயில வந்தது வந்ததுதான். மொத வாக்குதான் வாக்குன்னு நீதான சத்தியம் வாங்குன?"

என் சொல்லை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் எல்லாரையும் மடக்கியவள் நான்.

பஸ்ஸில் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தேன். "அந்தப் புள்ளைக்கு மட்டும் மாமன் வேணாம், படின்னு சொன்னாகளே. அது பொய்யா?"

ஆத்தாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது அந்தப் புள்ளைக்குச் சொன்னது. இது ஒனக்குச் சொன்னது."

கணவாய்க்கு முன்னால் அவள் முக்காடு நழுவியது. காதுகளில் தோடு இல்லை. துளைகளில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு தோடும் அதற்குள் இருந்தன.

"படின்னு சொன்னாக்க அங்கனயே வித்துட்டு, நேரா பள்ளிக்கூடத்துல போய்ப் பணத்தக் கட்டிரலாம்னு நெனச்சேன்" என்றாள். குச்சியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருகிப் போட்டுக்கொண்டாள். "நானும் அப்படித்தான் சொல்லுவாகன்னு நம்பி வந்தேன். என்ன செய்ய? மீறுனா ஒனக்குத்தான ஆகாது."

அவள் என் எதிரி என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் கூட்டிப் போனேன். அவள் என் பக்கம் இருந்திருக்கிறாள். பந்தலுக்குக் கீழே நின்று, "நான் படிக்கணும், தோட்டைக் கொடு" என்று நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்டுப் பெறுவது எனக்குக் கேவலமாக இருந்தது. மடக்கிப் பெறுவதுதான் படித்தவளுக்கு அழகு என்று நினைத்தேன்.

அந்தத் தோடு இப்போது என் காதில் கிடக்கிறது. கல்யாணத்தன்று போட்டுவிட்டாள்.

மாமன் கெட்டவர் இல்லை. சந்தைக்கு வருகிறவர்களிடம், "எம் பொண்டாட்டி பன்னண்டு படிச்சவ" என்று சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, சாக்கில் அடித்திருக்கும் இங்கிலீஷ் எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறார். நான் வாசிப்பதில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறேன். அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்கிறார், படிச்ச திமிரு என்று.

போன மாதம் அந்தத் தொடரை மறுபடி போட ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் வீட்டிலேயே டெலிவிஷன் இருக்கிறது. என்னைப் பார்க்க வந்திருந்த ஆத்தாள் அதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோடு விற்கிற இடம் வந்தது. அதே இடத்தில் அதே மாதிரி மூக்கை உறிஞ்சினாள். கை தானாகக் காதுக்குப் போனது. காது வெறுமையாக இருந்தது.

"பாரேன், எப்படிப் படிக்க வைக்கிறாக. பெத்தா இப்படிப் பெத்தவளா இருக்கணும்" என்றாள்.

நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டில் எத்தனையோ நாற்காலி இருந்தும் அந்தத் தொடரை என்னால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. கடைசியில் பெயர்கள் ஓடின. அந்த அம்மாவின் பெயர் வந்ததும், முற்றத்துப் பெண்களுக்கு வாசித்ததைப் போல உரக்க வாசித்தேன்.

"அது யாரு?" என்று கேட்டாள் ஆத்தாள்.